நகத்தால் எழுதிய குறிப்பு

அவளிடம் போய் ஒரு பொருளைக் காணோம் என்று சொன்னால், என்ன பொருள் என்று கேட்க மாட்டாள். "எங்க தேடுனே?" என்றுதான் கேட்பாள்.

முதல் தடவை என்னிடம் அப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. கவின் பிறந்து, ஆறு மாத விடுப்பு முடிந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்கு நான் திரும்பிய வாரம் அது. காட்டுப்பாக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவனை விட்டுவிட்டு, அவன் அழுகிறானா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு, அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று கவலைப்பட்டு, வானகரம் நெரிசலைத் தாண்டி வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். அன்று பால் எடுக்கும் பம்ப்பில் மாட்டுகிற வெள்ளை ரப்பர் மூடியைக் காணவில்லை. பெண்கள் ஓய்வறையில் பையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரியான அவள் உள்ளே வந்தாள்.

"மூடி இல்ல. வீட்டுலயே விட்டுட்டேன்," என்றேன்.

"எங்க தேடுனே?"

"பையில."

"எந்தப் பையில?"

"இதோ, இதுலதான். பாத்தா தெரியலையா?"

"சாப்பாட்டுப் பை ஒண்ணு கீதே. அதுல?"

சாப்பாட்டுப் பையில் எதற்கு இருக்கப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தேன். தயிர் டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "இல்லன்னு சொல்லாத பா. அந்தப் பையில இல்லன்னு சொல்லு. ரெண்டும் வேற," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் அவள். அவளைப் பற்றி எப்போது நினைத்தாலும் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

ஒல்லியாக இருப்பாள். ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, குர்த்தாவுக்கு மேல் அவள் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருப்பாள். அப்பா ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இவள் பிறந்தது, வளர்ந்தது, வாய் பேசக் கற்றது எல்லாம் ஆவடி குவார்ட்டர்ஸில். அதனால் வீட்டில் தூத்துக்குடித் தமிழும் வெளியில் மெட்ராஸ் தமிழும் பேசுவாள். மேனேஜரிடம் பேசும்போது மட்டும் இரண்டையும் மடித்து வைத்துவிட்டு மூன்றாவதாக ஒன்று பேசுவாள்.

அவர்கள் வீட்டில் எது தொலைந்தாலும் அம்மா அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொள்வாராம். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்தான் என்பது நம்பிக்கை. "அம்மா மெழுகுவத்தி ஏத்துவாங்க, நான் பரண்ல ஏறுவேன். கெடைச்சதும் அந்தோணியாருக்குப் பேரு," என்பாள். சொல்லும்போது அவளே கழுத்தில் இருக்கிற சின்னச் சிலுவையைத் தொட்டுக்கொள்வாள். கடைசிவரை அவள் அவரைக் கேலி செய்தாளா, நம்பினாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

கல்யாணப் பேச்சிலும் இதே கதைதான். நல்ல மாப்பிள்ளையே கிடைக்கவில்லை, வந்ததை ஒத்துக்கொள் என்று அப்பா சொன்னபோது, "எங்க தேடுனீங்கப்பா?" என்று கேட்டாளாம்.

"நம்ம கோயில் பங்குல தேடுனேன். பக்கத்துப் பங்குலயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்ப ரெண்டு கோயில்ல இல்லன்னு சொல்லுங்க. ஒலகத்துலயே இல்லன்னு ஏன் சொல்றீங்க?"

அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவரே வந்து, "சரி, வேற எங்க தேடணும்னு நீயே சொல்லு," என்றாராம். இவள் அவசரமாகக் காபி போடப் போய்விட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சத்தத்தில் மேனேஜர் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

எங்கள் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளை முழுதாகச் சொன்னதாகாது.

தொழிற்சாலை கேண்டீன்களுக்கு டோக்கன் மென்பொருள் செய்து கொடுப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. தொழிலாளி தன் அட்டையை ஒரு பெட்டியில் காட்டுவார். பெட்டி அவர் பெயரும் சாப்பாட்டு வகையும் போட்ட ஒரு சின்னச் சீட்டைத் துப்பும். அதைக் கொடுத்தால் தட்டு. இந்த நிரலை ஜாவா என்கிற கணினி மொழியில் எழுதினோம். நிரல் என்பது ஒரே கட்டியாக இருக்காது. கிளாஸ் என்று சொல்லப்படும் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். அட்டையைப் படிக்க ஒன்று, பெயரை எடுக்க ஒன்று, சீட்டை அச்சடிக்க ஒன்று. இவற்றில் சிலதை நாங்கள் எழுதுவோம். சிலது பிறர் எழுதி மூட்டையாகக் கட்டிக் கொடுத்தவை.

நிரல் கிளம்பும்போது எல்லாத் துண்டுகளும் இருக்கின்றனவா என்று கணினி எண்ணிப் பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு துண்டு தேவைப்படுகிற அந்த நொடியில்தான் தேடும். எங்கெல்லாம் தேடலாம் என்று நாங்கள் ஒரு வரிசை எழுதிக் கொடுத்திருப்போம். அந்த வரிசையிலேயே போகும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கே எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அதற்குப் பின்னால் இன்னும் நல்லது ஒன்று காத்திருந்தாலும் திரும்பிப் பார்க்காது. எங்குமே கிடைக்காவிட்டால், 'கிளாஸ் இல்லை' என்று சொல்லிவிட்டு விழுந்துவிடும்.

மற்றவர்கள் அந்த வரியைப் பார்த்ததும் பதறுவோம். அவள் திரையில் விரலை வைத்து, "இல்லையாமே. எங்க தேடுச்சாம்?" என்பாள். கணினியிடமும் அதே கேள்விதான். திரை முழுக்க அவள் விரல் ரேகை இருக்கும்.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் மட்டுமே நடக்கக்கூடிய பழக்கம் அது. டோக்கன் அச்சடிக்கிற தாள் சூடு பட்டால் கறுக்கும் வகை. அதில் மை கிடையாது. நகத்தால் அழுத்திக் கீறினால்கூடக் கறுப்பாகக் கோடு விழும். அவள் பேனாவே வைத்துக்கொள்ள மாட்டாள். டோக்கன் சுருளில் ஒரு சாண் கிழித்து, கட்டைவிரல் நகத்தால் பரபரவென்று எழுதி, செல்லோடேப்பால் மேசையில் ஒட்டிவிடுவாள். பிறகு உரிக்க வசதியாக டேப்பின் ஒரு முனையை மட்டும் மடித்துவிடுவாள். காற்றில் அந்தச் சீட்டுகள் எல்லாம் படபடக்கும்.

"பேனா எதுக்கு? தேடணும்," என்பாள்.

நான் நேர்மாறு. எனக்கு எல்லாம் இரண்டாக இருக்க வேண்டும். கவினுடைய தடுப்பூசி அட்டைக்கு இரண்டு நகல், வீட்டுச் சாவி இரண்டு, ஒரே வேலைக்கு இரண்டு பட்டியல். அனுப்பிய மெயிலை அனுப்பினேனா என்று திறந்து பார்ப்பேன். சரியாக இருந்தாலும் சரியாக இருக்கிறதே என்று ஒரு பயம்.

ஒரு நாள் காப்பகத்துக்கு போன் செய்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறை செய்வது வழக்கம். அன்று யாரும் எடுக்கவில்லை. நாலு முறை செய்தும் எடுக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பப் பையை எடுத்தேன்.

"இன்னா ஆச்சு?" என்றாள்.

"கிரெஷ்ல போன் எடுக்கல. என்னமோ ஆயிடுச்சு."

"எங்க பண்ணே?"

"கிரெஷுக்குத்தான்!"

"குடு."

என் போனை வாங்கிப் பார்த்தாள். 'கிரெஷ் மேடம்' என்று இரண்டு முறை இருந்தது. முதலில் இருந்தது அவர்கள் மாற்றிவிட்ட பழைய எண். புது எண்ணைச் சேர்த்தபோது பழையதை நான் அழிக்கவில்லை, இருக்கட்டுமே என்று. கீழே இருந்த எண்ணை அவள் அழுத்தி என் காதில் வைத்தாள். "சொல்லுங்க கவின் அம்மா, இப்பதான் பருப்புசாதம் சாப்ட்டு தூங்குறான்," என்றது குரல்.

"ஒரே பேர்ல ரெண்டு வெச்சா மேல கீறதுதான் கைக்கு வரும். பழசைத் தூக்கிப் போடு," என்றாள். நான் அழித்தேன். ஆனாலும் அந்தப் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

இவ்வளவு சொன்னது நசரத்பேட்டைக் கேண்டீன் கதைக்காகத்தான்.

வேலைக்குத் திரும்பி வந்த இரண்டாம் மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் வலித்தது. "நசரத்பேட்டை கேண்டீனுக்கு டோக்கன் டிசைன் மாத்தணும்மா. அதை உங்க பேர்ல போட்டிருக்கேன். இது ஒழுங்காப் போச்சுன்னா டெவலப்மெண்ட் டீம்லயே இருங்க. கஷ்டமா இருந்தா சொல்லுங்க, டாக்குமெண்ட் பக்கம் மாத்திடலாம். குழந்தை வேற இருக்கு. உங்களுக்கும் ஈஸி," என்றார்.

நிரல் எழுதத்தான் நான் படித்தேன். பிறர் எழுதியதற்கு விளக்கக் குறிப்பு எழுதும் வேலையில் தப்பில்லை, ஆனால் எனக்கு அது வேண்டாம். அன்றே ராஜினாமா கடிதம் ஒன்று எழுதி மெயிலில் டிராஃப்டாக வைத்தேன். நசரத்பேட்டை சொதப்பினால், அவர் மாற்றுவதற்கு முன் நானே அனுப்பிவிடுவது என்று முடிவு. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

புது டிசைனுக்கு, அச்சடிக்க உதவும், பிறர் எழுதிய வெளி மூட்டையின் புதிய பதிப்பு தேவைப்பட்டது. அதை வைத்து என் அச்சு கிளாஸை எழுதினேன். அலுவலகத்தில் அழகாக ஓடியது. கிளம்புவதற்கு முதல்நாள் எல்லாவற்றையும் பென்டிரைவில் கட்டும்போது, கவினுக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து அழைப்பு. பட்டியலை ஏழு முறை சரிபார்த்தேன். ஆனால் அழைப்பு வந்த பிறகு ஒரு முறையாவது சரிபார்த்தேனா என்ற குழப்பம் மறுநாள் காலை வரை தீரவில்லை.

கவினுக்குக் காய்ச்சல் இரவே விட்டிருந்தது. அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அவளும் நானும் அவள் ஸ்கூட்டரில் போனோம். கேண்டீனுக்கு நிரலைக் கொண்டுபோய்ப் போடுவது அவள் பொறுப்பு. பத்து மணிக்குப் போட்டோம். கிளம்பியது. திரையில் பச்சை விளக்கு, 'தயார்'. நான் மூச்சு விட்டேன்.

பன்னிரண்டு அடித்தது. முதல் தொழிலாளி அட்டையைக் காட்டினார். பெட்டி பீப் என்றது. சீட்டு வரவில்லை. அடுத்தவர் காட்டினார். பீப். மூன்றாமவர், நாலாமவர். வரிசை கதவைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டது. அவர்களுக்கு அரை மணி நேரம்தான் இடைவேளை. டோக்கன் இல்லாமல் ஒரு தட்டுகூடப் போடக் கூடாது என்பது அந்தத் தொழிற்சாலை விதி.

கேண்டீன் காண்டிராக்டர் தோளில் துண்டோடு வந்தார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல்.

"இன்னா தங்கச்சி, பொட்டி படுத்துகிச்சா? காலைலேர்ந்து தட்டிகினு இருந்தீங்களே, அதுக்குத்தானா?"

"அஞ்சு நிமிசம் அண்ணாத்தே," என்றாள் அவள்.

"சாம்பாரு ஆறிகினு கீது, ஜனம் கொதிச்சிகினு கீது. அஞ்சு நிமிசம்ன்றே."

வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணே, பீப்பு சத்தம் மட்டும்தானா, கூட்டு பொரியல் ஏதும் கெடையாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. என் அச்சு கிளாஸின் பெயர், அதன் பக்கத்தில் கிடைக்கவில்லை என்று.

"நான் விட்டுட்டேன். பேக் பண்றப்ப விட்டுட்டேன். போன் வந்துச்சுல்ல, அப்பதான்," என்றேன்.

"எங்க தேடுனே?"

"தேடல."

"தேடாமயே இல்லன்றியா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நான் கட்டிக்கொண்டு வந்த மூட்டையைத் திறந்து விரலை வைத்தாள். "தோ கீது பாரு. உன் கிளாஸு குத்துக்கல்லாட்டம் குந்தினு கீது."

இருந்தது. பெயர், அளவு, நேரம் எல்லாம் சரி. அப்படியானால் ஏன் கிடைக்கவில்லை என்கிறது?

"இப்ப சொல்றதை நம்பாதே. மேல போ. மொத தடவை இன்னா சொல்லிச்சு?"

அவள் திரையை மேலே மேலே தள்ளினாள். ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு புலம்பல், எல்லாம் ஒரே மாதிரி. உச்சியில், முதல் தொழிலாளி அட்டையைக் காட்டிய நேரத்தில் மட்டும், வரி வேறாக இருந்தது. அது என் கிளாஸைக் குறை சொல்லவில்லை. வெளி மூட்டையில் நான் கூப்பிட்ட ஒரு செயல் அங்கே இல்லை என்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படித்ததுதான், பதற்றத்தில் மறந்துபோயிருந்தது. ஒரு கிளாஸை முதல் முறை எழுப்பும்போது ஏதாவது இடறினால், கணினி அதைக் கெட்டது என்று குறித்துக்கொள்ளும். மறுபடி எழுப்பிப் பார்க்காது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், ஏன் என்று சொல்லாமல், கிடைக்காது என்று மட்டும் சொல்லும். என் கிளாஸ் தொலையவில்லை. முதல் முறை எழும்போது யாரோ காலை வாரிவிட்டிருக்கிறார்கள்.

"ஆனா அந்தச் செயல் புதுப் பதிப்புல இருக்கே. ஆபீஸ்ல ஓடுச்சே," என்றேன்.

"அங்க ஓடுச்சு," என்றாள். "இங்க?"

அவள் நிரலை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். ஒரு பீப், அதே விழுதல். மணி பன்னிரண்டு பத்து. காண்டிராக்டர் துண்டால் முகத்தை விசிறிக்கொண்டார். அப்போது எனக்குக் காப்பகத்தின் போன் எண் ஞாபகம் வந்தது. சொல்லலாமா, தப்பாக இருந்தால் என்ன நினைப்பாள் என்று இரண்டு நொடி யோசித்தேன்.

"ரெண்டு இருக்குமோ?" என்றேன். "கிரெஷ் மேடம் மாதிரி?"

அவள் கை நின்றது. "அடிங்க," என்று ஒரு சத்தம் போட்டாள். எந்தத் துண்டை எந்த இடத்திலிருந்து எடுத்தாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி ஒரு கட்டளை உண்டு. அதைச் சேர்த்து ஓட்டினாள். வரிகள் ஓடின. என் கிளாஸ் என் மூட்டையிலிருந்துதான் வந்தது. ஆனால் வெளி மூட்டை, நான் கொண்டுவந்ததிலிருந்து வரவில்லை. பொது என்று ஒரு அடைவு, அதாவது ஃபோல்டர், அந்தக் கணினியில் இருந்தது. தேடும் வரிசையில் அதுதான் முதல். அதில் அதே பெயரில் ஒரு பழைய பதிப்பு கிடந்தது. புதியதைக் கணினி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எவன் வெச்சான் இத்தை?" என்று அவள் கோபமாகக் கேட்டாள்.

அந்தக் கணினி கதவு வைத்த ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. சாம்பார் தெறிக்காமல் இருக்க. நான் அந்தக் கதவின் பக்கம் நின்றுகொண்டிருந்ததால் உள்பக்கம் கண்ணில் பட்டது. ஒரு சாண் நீளத்துக்கு டோக்கன் தாள் ஒட்டியிருந்தது. சுத்தமாக வெறுமையாக இருந்தது. செல்லோடேப் மட்டும் பழுப்பேறியிருந்தது. அதன் ஒரு முனை, உரிக்க வசதியாக மடித்துவிடப்பட்டிருந்தது.

சொன்னால் அவளைக் குற்றம் சொன்னதாக ஆகுமே என்று பயம். சொல்லாவிட்டால் அது இன்னும் பெரிய தப்பாகுமே என்று வேறு. கடைசியில் வெறுமே சுட்டிக் காட்டினேன்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். தாளை உரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். நகம் அழுந்திய பள்ளங்கள் மட்டும் லேசாகத் தெரிந்தன. சமையல் சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் கறுப்பு எப்போதோ வெளிறிப் போயிருந்தது. அவள் சாய்த்துச் சாய்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பொது... காப்பி... எடுக்கணும்."

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அந்தோணியாரே! நான்தான் பா. ரெண்டு வருசம் முன்னாடி பிரிண்டர் ஓடலன்னு ஒரு காப்பியத் தூக்கி இதுல போட்டேன். மறுநாள் வந்து எடுக்கணும்னு எழுதினேன். எடுத்த ஞாபகமே இல்ல!"

"இன்னா தங்கச்சி, சிரிச்சிகினு கீறே? வரிசையப் பாரு," என்றார் காண்டிராக்டர்.

"கெடைச்சிட்ச்சு அண்ணாத்தே. திருடன் நான்தான்."

பழைய பதிப்பை அழித்தோம். அவள் சிலுவையைத் தொட்டுக்கொண்டு நிரலைக் கிளப்பினாள். முதலில் நின்றவர் அட்டையைக் காட்டினார். பீப். ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு கிர்ரென்று சீட்டு வந்தது. நான் செய்த டிசைன். பெயர் பெரிதாக, சாப்பாட்டு வகை கட்டம் கட்டி. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "எழுத்து பெருசா கீது. கண்ணாடி இல்லாமயே படிக்கலாம்," என்றார். வரிசை விசிலடித்தது. மணி பன்னிரண்டு பதினேழு.

கூட்டம் குறைந்ததும் மேனேஜரிடமிருந்து போன். தொழிற்சாலையிலிருந்து யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன ஆச்சு? கிளாஸ் பேக் பண்ண விட்டுட்டாங்களா?" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

"இல்ல சார். அவங்க கொண்டுவந்தது எல்லாம் கரெக்ட். இங்க பழைய காப்பி ஒண்ணு முன்னாடி இருந்துச்சு. நான் வெச்சது."

"நீயா?"

"நான்தான் சார். எடுக்கணும்னு எழுதிகூட வெச்சேன். எழுத்து போயிடுச்சு."

"எழுத்து எங்கம்மா போகும்?"

"டோக்கன் பேப்பர் சார். சூட்டுல வந்தது, சூட்டுலயே போயிடுச்சு. ரெண்டு காப்பி இருக்கும்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான்."

"சரி, சாப்ட்டுட்டு அப்படியே வீட்டுக்குப் போங்க," என்றார்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், 'பழைய காப்பி ஒன்று இருந்தது சார்' என்று சொல்லி அங்கேயே நிறுத்தியிருப்பேன். பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லியிருப்பேன். அவளுக்கு அந்த வாக்கியம் பாதியில் நிற்காது. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் அவளேதான் என்றாலும், அதுவரை போய்விட்டுத்தான் நிற்பாள்.

காண்டிராக்டர் சாப்பிடச் சொன்னார். டோக்கன் இல்லாமல் சாப்பிட மாட்டோம் என்று அவள் அடம்பிடித்து, விருந்தினர் அட்டையைக் காட்டி இரண்டு சீட்டு அடித்தாள். "டெஸ்ட் பண்ணதா இருக்கட்டும்," என்றாள். சாம்பார் உண்மையிலேயே ஆறித்தான் இருந்தது. அவள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஒரு பேனா வாங்கி, நூல் கட்டி, அவள் மேசைக் காலில் தொங்கவிட்டேன். அவள் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "தேட வேணாம்ல, நல்லாக் கீது," என்றாள். ஒரு வருடம் கழித்துக் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போனபோது, ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். அவள் எந்தெந்தக் கேண்டீன் கணினியில் எந்த அடைவில் கையால் எதைப் போட்டிருக்கிறாள் என்று பக்கம் பக்கமாக, அந்தப் பேனாவில் எழுதியிருந்தது. நான் டெவலப்மெண்ட் டீமில்தான் இன்னும் இருக்கிறேன். அந்த நோட்டு என் இழுப்பறையில் இருக்கிறது. நகல் ஒன்று வீட்டிலும்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்தப் பகல் முடிந்த விதத்தை.

நசரத்பேட்டையிலிருந்து திரும்பும்போது, கரையான்சாவடியில் அவள் ஆவடிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். கவினை அழைக்க வேண்டுமே என்று எனக்காக நேராகக் காட்டுப்பாக்கம் போகிறேன் என்றாள். அதற்கு முன் ஒரு கரும்புச் சாற்றுக் கடையில் நிறுத்தினாள். மதிய வெயில். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, காரணமே இல்லாமல், அந்த டிராஃப்ட் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். இன்று சொதப்பியிருந்தால் அனுப்பியிருப்பேன், இனி அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னேன்.

ஏன் எழுதினாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கவலைப்படாதே என்பாள் என்றும்.

"எங்க வெச்சிருக்கே?" என்றாள்.

"டிராஃப்ட்லதான். இருக்கட்டும்னு."

"இருக்கட்டும்னா? நான் வெச்ச காப்பி மாதிரியா?" சாற்றை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இன்னொரு நாள் கொழந்தைக்குக் காய்ச்சல் வரும். ஆபீஸ்ல ஏதாவது பீப்பு சத்தம் கேக்கும். கையி நேரா எத்தை எடுக்கும்? மொதல்ல கீறதைத்தான். எடு போனை."

நான் போனை எடுத்தேன். அழிக்கலாமா என்று கேட்டது. ஆம் என்றேன்.

"குப்பைத்தொட்டிலயும் கெடக்கும். அங்க தேடுனியா?"

தேடினேன். கிடந்தது. அதையும் அழித்தேன்.

"வேற எங்கயாவது?"

நான் தயங்கினேன். அவள் காத்திருந்தாள். கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்தேன். எனக்குத்தான் எல்லாம் இரண்டாக இருக்க வேண்டுமே.

அவள் சிரித்த சிரிப்பில் கரும்பு பிழிகிறவர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தாளை என் கையிலிருந்து வாங்கினாள். அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சக்கை போடுகிற கூடையில் போட்டு, மேலே இரண்டு கை சக்கையை அள்ளிப் போட்டாள்.

"ஏறு," என்றாள். "புள்ள காத்துனு இருப்பான்."